மூணு டிபார்ட்மெண்ட் டேட்டா, ஒரே ஸிப் ஃபைல். அப்படியே போட்டுரலாமா?

ஆத்தங்கரைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நெல்லைப் பக்கம் ஒரு ப்ராஜெக்ட்ல ஃபெல்லோவா இருக்கேன், மூணு டிபார்ட்மெண்ட் சேந்து பண்ணுத வேலை. கெமிஸ்ட்ரிக்காரங்க பாபநாசத்துலேருந்து சீவலப்பேரி வரைக்கும் ஆத்துத் தண்ணிய பாட்டில்ல புடிச்சு டெஸ்ட் பண்ணிருக்காங்க, உயிரியல்காரங்க கூந்தன்குளத்துல பறவைக் கணக்கும் களக்காட்டு மலைல செடிகொடிக் கணக்கும் எடுத்துருக்காங்க, நாங்க சமூகவியல், முக்கூடல் ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துத பொம்பளைங்ககிட்ட பேட்டி எடுத்தோம், கூடவே ஹீமோகுளோபினும் பாத்தோம். இப்ப பணம் குடுத்தவங்க "டேட்டா எல்லாத்தையும் பொதுவுல போட்டு டிஓஐ நம்பர் அனுப்புங்க"ன்னு மெயில் போட்டுருக்காங்க (டிஓஐன்னா இணையத்துல ஒரு பதிவுக்குன்னு குடுக்குத நிரந்தர அடையாள நம்பர்). எங்க சாரு "அதெல்லாம் வேண்டாம்மா, எவனாவது எடுத்து நமக்கு முன்ன பேப்பர் போட்டுருவான், கேட்டா தருவோம்னு ஒரு வரி எழுதிரு"ங்காரு. எனக்கு என்ன தோணுதுன்னா எல்லாத்தையும் ஒரு ஸிப்பா கட்டி, ஸெனோடோன்னு டேட்டா போட்டு வைக்குத சைட்ல ஏத்திட்டா ஜோலி முடிஞ்சுது. தப்பா? இத செஞ்சு பழகினவங்க சொல்லுங்க, மாசக் கடைசிக்குள்ள முடிக்கணும்.

பாளை_கணக்கு:

தங்கச்சி, மொதல்ல உங்க சார் சொன்னதுக்கு வாரேன். "கேட்டா தருவோம்"ங்கிற வரிய நம்பி 2022ல ஒரு குரூப் நெசமாவே கேட்டுப் பாத்துருக்காங்க. அப்படி எழுதியிருந்த 1,792 பேப்பர்காரங்களுக்கு மெயில் போட்டாங்க, குடுத்தது 7 சதவீதம் பேர்தான், மத்தவங்க ஒண்ணு பதிலே போடல இல்ல முடியாதுன்னுட்டாங்க. அதுல எல்லாரையும் களவாணின்னும் சொல்ல முடியாது, படிச்ச புள்ள வேற ஊருக்குப் போயிருக்கும், லேப்டாப் போயிருக்கும், ஹார்ட் டிஸ்க் மண்டையப் போட்டுருக்கும். உயிரியல் பேப்பருங்கள வச்சு 2014ல வந்த ஆய்வுல, பேப்பர் வந்து ஒவ்வொரு வருஷம் தாண்டுறப்பவும் டேட்டா மிஞ்சியிருக்க வாய்ப்பு 17 சதவீதம் கொறையுதுன்னு கண்டுபிடிச்சாங்க. சாருக்கு திருட்டு பயம்னா எம்பார்கோ போட்டுக்கிடலாம், அதாவது இப்பவே ஏத்தி டிஓஐ வாங்கிக்கிட வேண்டியது, ஃபைல் மட்டும் நீங்க சொல்லுத தேதி வரைக்கும் பூட்டியே இருக்கும், தலைப்பும் பேரும் வெளிய தெரியும். யாரு மொதல்ல எடுத்ததுன்னு அதுலயே தேதியோட பதிஞ்சுரும்லா.

ஸெனோடோ நல்ல எடம்தான், ஜெனீவாவுல இருக்க செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்காரங்க 2013லேருந்து நடத்துதாங்க, காசு கெடையாது, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரைக்கும் போடலாம். ஆனா ஒரே ஸிப் வேண்டாம். தண்ணி டேட்டா தேடி வாரவன் பறவைக் கணக்கையும் சேத்து ஏன் எறக்கணும்? மூணு பதிவா போடுங்க, ஒண்ணுக்கொண்ணு லிங்க் குடுத்துக்கிடலாம்.

ஏத்துறதுக்கு முன்ன அந்த தண்ணி எக்ஸெல்ல ஒரு தடவ எனக்காக தெறந்து பாருங்க. சும்மா "நைட்ரேட்"னு தலைப்பு இருக்கும், அது நைட்ரேட்டா கணக்குப் போட்டதா இல்ல அதுல உள்ள நைட்ரஜனா கணக்குப் போட்டதான்னு இருக்காது, ரெண்டுக்கும் நாலு மடங்குக்கு மேல வித்தியாசம், அது தெரியாம எவனாவது எடுத்தா ஆறே நாசமாப் போச்சுன்னு எழுதிருவான். அப்புறம் ஈயம்னு தலைப்பு உள்ள நெடுவரிசைல சைபர் போட்டுருக்கும். அந்த சைபர் நெசமாவே இல்லைன்னு அர்த்தமா, மெஷின் புடிக்கிற அளவுக்குக் கீழ இருந்துச்சா, இல்ல அன்னைக்கு டெஸ்டே பண்ணலையா? இது மூணும் வேற வேற. சாம்பிளுக்கு 3-4, 5-2ன்னு பேரு வச்சிருந்தா எக்ஸெல் அத தேதியா மாத்தி வச்சிருக்கும், சிரிக்காதீங்க, இதே தொல்லைனாலதான் 2020ல மார்ச்1, செப்ட்1ன்னு இருந்த மனுஷ ஜீன்களுக்கே பேர மாத்துனாங்க. எல்லாத்தையும் சிஎஸ்வியா (எதுலயும் தெறக்கக்கூடிய வெறும் எழுத்து ஃபைல்) சேமிச்சு, கூட ஒரு ரீட்மீ, அதாவது விளக்கக் குறிப்பு, எந்த நெடுவரிசை என்ன, அலகு என்ன, எந்த மெஷின், எந்த மாசம். அந்த ரீட்மீ இல்லைன்னா டேட்டா போட்டும் ஒண்ணுதான் போடாமயும் ஒண்ணுதான்.

மேலப்பாளையம்_அக்கா:

கணக்கு அண்ணாச்சி தண்ணியோட நின்னுட்டாரு, எனக்கு வயித்தக் கலக்குறது அந்த பீடிக்காரங்க ஃபைலுதான். அத தயவுசெஞ்சு ஸிப்ல போட்டுராதம்மா. பேர எடுத்துட்டா ஆளு தெரியாதுன்னு எல்லாரும் நெனைக்கோம். அமெரிக்காவுல லட்டான்யா ஸ்வீனின்னு ஒரு அம்மா காட்டுனாங்க, பொறந்த தேதி, ஆணா பொண்ணா, பின்கோடு மாதிரி ஒரு நம்பர், இந்த மூணு இருந்தாப் போதும் அந்த நாட்டுல 87 சதவீதம் பேர தனியாப் பிரிச்சுரலாம்னு. அவ்வளவு பெரிய நாட்டுக்கே அப்படின்னா இரநூறு வீடு உள்ள ஊருல யோசிச்சுப் பாரு, வயசு 52, புருஷன் இல்ல, ரெட்டைப் புள்ள, முப்பது வருஷமா பீடி சுத்துது, இவ்வளவு போட்டா டீக்கடைல உக்காந்திருக்கவன் பேர மட்டுமில்ல வீட்டு வாசலையும் காட்டுவான்.

அந்தப் பேட்டில என்ன சொல்லிருக்கும்? கடைக்காரன் இலையக் கொறைச்சுப் போடுதான், தூள் பத்தல, நல்ல பீடியையும் கழிச்சுப் போடுதான், கூலியப் புடிக்கான். இது அந்தாளு காதுக்குப் போனா மறுநாள் அந்தம்மாவுக்கு இலை கெடைக்காது. உனக்கு டிஓஐ கெடைக்கும், அந்தம்மாவுக்கு சோறு போயிரும்.

அதனால முதல்ல ஒப்புதல் ஃபாரத்த எடுத்துப் படி. "இந்த ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்துவோம்"னு எழுதி கைநாட்டு வாங்கிருந்தா, பொதுவுல போட உனக்கு உரிமையே இல்ல, பணம் குடுத்தவன் என்ன மெயில் போட்டாலும் சரி. ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறையையும் படிச்சுட்டு உங்க எத்திக்ஸ் கமிட்டிட்ட எழுத்துல கேளு. ரத்தப் பரிசோதனையும் இருக்கதுனால சும்மா வாய்வார்த்தைல விடாத. ஹீமோகுளோபின் கணக்க வேணும்னா ஊர் பேர எடுத்துட்டு, வயச 40-49, 50-59ன்னு கட்டம் கட்டி, ஒரு கட்டத்துல ரெண்டு மூணு பேருதான் வாராங்கன்னா பக்கத்துக் கட்டத்தோட சேத்துக் குடுக்கலாம். ஆடியோ கூடவே கூடாது, குரலே அடையாளம். எழுதி வச்ச பேட்டிய பூட்டி வை, கமிட்டி சம்மதத்தோட எழுத்துல ஒப்பந்தம் போட்டுக் கேக்க ஆராய்ச்சிக்காரங்களுக்கு மட்டும் குடு. அது ஒண்ணும் மட்டமான வழி இல்ல, மிச்சிகன் யுனிவர்சிட்டில ஐசிபிஎஸ்ஆர்னு 1962லேருந்து சமூக அறிவியல் டேட்டா வச்சு நடத்துதாங்க, அங்கயே இப்படிப்பட்ட டேட்டாவுக்கு ஒப்பந்தம் இல்லாம கைய வைக்க முடியாது.

பேட்டிகள எந்த ஃபான்ட்ல அடிச்சிருக்கீங்க? பாமினி மாதிரி பழைய ஃபான்ட்னா, எல்லா மெஷின்லயும் தெரியுத யூனிகோடுக்கு மாத்திரு. இல்லைன்னா நாளைக்குத் தெறக்கவனுக்கு இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். பழைய ஆய்வேடு எத்தனையோ அப்படிக் கெடக்கு.

சும்மா_வந்தவன்:

இவ்வளவு பாடு பட்டு போட்டு எவன் பாக்கப் போறான் வே. டவுன்லோட் நாலு இருக்கும், அதுல மூணு நாமதான்.

பாளை_கணக்கு:

நாலு போதும் வே. 2010ல ரெய்ன்ஹார்ட், ரோகாஃப்னு ரெண்டு பெரிய பொருளாதாரக்காரங்க, கடன் நாட்டு வருமானத்துல 90 சதவீதத்தத் தாண்டுனா வளர்ச்சி சராசரியா மைனஸ்ல போயிரும்னு எழுதுனாங்க, அத வச்சு எத்தனையோ நாட்டுல செலவ வெட்டுங்கன்னு பேசுனாங்க. அத பரிசோதிச்சுப் பாத்தது தாமஸ் ஹெர்ண்டன்னு மாசசூசெட்ஸ்ல படிச்ச ஒரு மாணவன், கிளாஸ்ல குடுத்த வீட்டுப்பாடத்துக்காக. அவன் கேட்டு வாங்குன எக்ஸெல் ஷீட்டுல அஞ்சு நாட்ட விட்டுட்டு சராசரி போட்டுருந்துச்சு, வேற கோளாறும் இருந்துச்சு, எல்லாம் சரி பண்ணுனா வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் வந்த எடத்துல 2.2 சதவீதம் வருது. 2013ல அது வெளிய வந்தப்ப ஊரெல்லாம் பேச்சு. பாத்தது ஒரே ஒரு பய.

பொதிகைத்_தும்பி:

பறவைக்கும் செடிக்கும் ஸெனோடோவ விட ஜிபிஐஎஃப் நல்லது, உயிரினம் எங்க பாத்தோம்ங்கிற டேட்டாவுக்குன்னே உள்ள எடம், டார்வின் கோர்னு ஒரு தலைப்பு முறை வச்சிருக்காங்க, அதுல உங்க நெடுவரிசைகளப் பொருத்திட்டா உலகத்துல வேற எவன் எடுத்த கணக்கோடயும் சேரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கூந்தன்குளத்து கூழைக்கடாவோட ஜிபிஎஸ்ஸ ஒளிக்க வேண்டிய அவசியமே இல்ல, அது ஊருக்குள்ள மரத்துல கூடு கட்டுது, ஊர்க்காரங்களே காவல், பஸ்ல வாரவனுக்குக்கூட தெரியும். ஆனா களக்காட்டு மலைல அபூர்வ ஆர்க்கிட், மூலிகை எல்லாம் துல்லியமா புள்ளி வச்சுப் போட்டீங்கன்னா புடுங்க வாரவனுக்கு நீங்களே வழி சொன்ன மாதிரி. அதுக்கு மட்டும் புள்ளிய சில கிலோமீட்டர் கட்டமா மழுங்கடிச்சு, மழுங்கடிச்சிருக்கோம்னு ஒரு நெடுவரிசைல எழுதிருங்க. வனத்துறை பெர்மிட்ல டேட்டா பத்தி என்ன போட்டுருக்குன்னும் பாத்துக்கிடுங்க.

ஆத்தங்கரைக்காரி:

அக்கா, ஃபாரத்த எடுத்துப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு, "இந்த ஆய்வுக்கு மட்டும்". கமிட்டிக்கு லெட்டர் அடிச்சுட்டேன், பேட்டி இப்போதைக்கு எங்கயும் போகல. பணம் குடுத்தவங்களுக்கும் காரணத்த எழுதி அனுப்பியாச்சு. எம்பார்கோன்னு சொன்னதும் சாரு எறங்கி வந்துட்டாரு, ஒரு வருஷம் பூட்டி வச்சு தண்ணி டேட்டாவ போடச் சொல்லிட்டாரு. ஈயத்துல உள்ள சைபருக்கெல்லாம் கெமிஸ்ட்ரி பையன் நோட்டத் தேடிக்கிட்டிருக்கான். லைசென்ஸ் எது போட, சிசி பை போதுமா?

பாளை_கணக்கு:

சிசி பை போடுங்க, எடுத்தவன் உங்க பேரச் சொல்லணும், அவ்வளவுதான். பப்ளிஷ் பட்டன அமுக்குறதுக்கு முன்ன ஸெனோடோலயே சாண்ட்பாக்ஸ்னு தனி சைட் இருக்கு, அதுல ஒரு தடவ ஏத்திப் பாத்துருங்க. நெசத்துல பப்ளிஷ் ஆனப்புறம் தலைப்பு, பேரு மாதிரி விவரத்த திருத்தலாம், ஃபைல அப்படி லேசுல மாத்த முடியாது, புது வெர்ஷன் போட வேண்டி வரும். அதனால அந்தப் பையன் நோட்டு கெடைக்கிற வரைக்கும் பொறுங்க.