கூப்பிட்டா திரும்பிக்கூட பாக்காத சிப்பிப்பாறை நாய், அடிக்காம பழக்க முடியுமா?

கரிசல்காட்டான்:
எங்க வீரன் பத்து மாச சிப்பிப்பாறை. வீட்டுக்குள்ள தங்கம், உக்காருன்னா உக்காருவான். காட்டுப்பக்கம் அவுத்து விட்டா போச்சு, கீரியோ மயிலோ கண்ணுல பட்டா தொண்ட கிழிய கத்துனாலும் காதுலயே வாங்க மாட்டான். ரெண்டு போட்டாதான் அடங்கும்னு அப்பா சொல்றாரு, போன வாரம் முக்கா மணி நேரம் கழிச்சு வந்தப்ப கோவத்துல ஒரு அடி வச்சிட்டேன், அன்னிலேருந்து நாலடி தள்ளியே நிக்கிறான், மனசே கேக்கல. பிஸ்கட் காட்டியும் பாத்தாச்சு.

வேட்டைக்காரன்புதூர்:
தம்பி, மொதல்ல அடிய நிறுத்துங்க. ஓடுனதுக்கு அடிச்சீங்கன்னு அவனுக்கு தெரியாது, கிட்ட வந்தா அடி விழும்னுதான் பதிஞ்சிருக்கும். முயல் தொரத்தன்னே வளத்த இனம், ஆள் சொல்லுக்கு காத்திராம தானா முடிவெடுத்து ஓடுறது ரத்தத்துல ஊறுனது, அத திமிர்னு நெனைக்காதீங்க. அந்த ஓட்டத்துக்கு முன்னாடி பிஸ்கட் எடுபடுமா? கோழி ஈரல உப்பு வெங்காயம் எதுவும் போடாம வேகவச்சு, கொண்டக்கடல சைஸ்ல நறுக்கி பையில வச்சுக்கோங்க. பேர சொன்னதும் தலைய திருப்புறான் பாருங்க, அந்த நொடியே "சபாஷ்"னு சொல்லி வாயில குடுங்க, லேட்டானா எதுக்கு குடுத்தீங்கன்னே புரியாது. மொதல்ல வீடு, அப்புறம் மொட்டமாடி, தெரு, கடைசியாதான் காடு. ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம் போதும்.

கன்னிவளர்ப்பு:
அண்ணன் சொன்னது சரி. அதுவரைக்கும் அவுத்து விடவே விடாதீங்க ப்ரோ, முப்பதடி கயிறு வாங்கி ஹார்னஸ்ல (நெஞ்ச சுத்தி மாட்டுற பட்டை) மாட்டுங்க, கழுத்துப்பட்டைல வேணாம், அந்த வேகத்துல சுண்டுனா கழுத்து போயிடும். மயில கடிச்சுட்டா 1972 வனவிலங்கு சட்டத்துல கேஸே வரும். இன்னொன்னு, முன்னாடி நான் கட்டிப்போடுறதுக்கு மட்டும்தான் எங்க கன்னி இன நாய கூப்பிடுவேன், அவ வர்றதையே விட்டுட்டா. இப்ப பத்து தடவ கூப்பிட்டா எட்டு தடவ ஈரல் குடுத்துட்டு போய் விளையாடுன்னு திருப்பி விட்டுர்றேன், ஓடி வர்றா.

ராஜபாளையத்தம்மா:
வெள்ள நாய் வச்சிருக்கவங்க ஒண்ணு கவனிங்க. எங்க ராஜபாளையம் குட்டி பிடிவாதம்னு ரொம்ப திட்டிட்டோம், ஒருநா தூங்கும்போது பின்னாடி எவர்சில்வர் தட்டு விழுந்துச்சு, அசையவே இல்ல. டாக்டர்ட்ட காட்டுனா பிறவியிலயே காது கேக்காதாம், வெள்ள நிறத்தோட சேந்து வர்றதுன்னாரு. இப்ப கட்டவெரல தூக்கி காட்டிட்டுதான் கறித்துண்டு குடுக்குறோம், என் கையவே பாத்துட்டு இருக்கும்.

கரிசல்காட்டான்:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. நேத்து ஈரல் வேகவச்சு மொட்டமாடில உக்காந்தேன். பேர சொன்னதும் திரும்புனான், ஆனா கிட்ட வரல. கைய தரையில வச்சுட்டு நான் வேற பக்கம் பாத்துட்டு இருந்தேன், மெதுவா வந்து எடுத்துட்டு வெரலையும் நக்கிட்டு போனான். நாளைக்கு கயிறு வாங்கிடுறேன்.