எம்பிஸ்ட்ரிங், ஜிடி இல்லாத சர்வரில் கோயில் ரசீது: அனுபவப் பகிர்வு

லயத்துவீடு:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் ரசீது, கூட்டுறவுக் கடைக் கணக்கு என்று பிஎச்பி நிரல்மொழியில் தளம் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். சர்வர் மாற்றும்போது எம்பிஸ்ட்ரிங், அதாவது தமிழ் போன்ற பல பைட் எழுத்துகளைக் கையாளும் பிஎச்பி எக்ஸ்டென்ஷன் (கூடுதல் தொகுதி), விட்டுப்போவது சகஜம். டெபியன், உபுண்டு லினக்ஸில் அதைத் தனியாக நிறுவ வேண்டும். அது இல்லாத இடத்தில் பைட் கணக்கில் சொல்லை வெட்டும் சப்ஸ்டர் பங்ஷனைப் போட்டுச் சமாளித்தால் ஆங்கிலப் பெயருக்கு ஓடும், தமிழுக்கு ஓடாது. ‘முனியாண்டி’ யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் 10 குறியீடு (எழுத்தும் அதன் துணைக்குறியும் தனித்தனி), ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 30 பைட். 20 பைட்டில் வெட்டினால் ‘முனியா’வுக்கு 18 போக, ‘ண’வின் முதல் 2 பைட் ஒட்டிக்கொண்டு வரும். அந்த அரைகுறை எழுத்தை, தரவை ஜேசன் வடிவாக்கும் ஜேசன்_என்கோட் ஏற்காது. ஃபால்ஸ் கொடுக்கும், ரசீது வெறுமையாக நிற்கும். பக்கத்தில் காட்டுமுன் சிறப்புக் குறிகளை மாற்றும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸோ, பிஎச்பி 8.1க்கு முந்தைய இயல்பு அமைப்பில் முழுப் பெயரையும் விழுங்கிவிடும். காசு கொடுத்தவர் பெயர் இல்லாத ரசீது ரசீதே இல்லை.

பால்மரம்:
அண்ணே, எம்பிஸ்ட்ரிங்கின் எம்பி_சப்ஸ்டர் (குறியீட்டுக் கணக்கில் வெட்டுவது) இருந்தாலும் முழுசாக நம்ப முடியாது. 7 குறியீடு என்று வெட்டினால் ‘முனியாண’ என்று வரும், புள்ளி போச்சு. வடிவம் தேடும் ப்ரெக்_மேட்ச்_ஆல் போதும், அதற்குத் தரும் வடிவம்: பின்சாய்வுக்கோடு, பெரிய எக்ஸ், கடைசியில் யு. மு, னி, யா, ண், டி என்று 5 துண்டாகத் தரும். அதற்கான பிசிஆர்இ நூலகம் பிஎச்பியோடு சேர்ந்தே வருவதால் வேறெதுவும் நிறுவ வேண்டாம். ‘லக்ஷ்மி’யில் மட்டும் க், ஷ் தனித்தனியாகப் பிரியும், அதற்கு ஒரு விதி எழுதுங்கள். இதையெல்லாம் ஒரே கோப்பில் ஒரே பங்ஷனாக வையுங்கள். எம்பிஸ்ட்ரிங் இருக்கிறதா என்று பக்கத்துக்குப் பக்கம் இஃப் போட்டால் எங்கோ ஒன்று விட்டுப்போகும்.

கித்தாக்காடு:
அந்தச் சோதனைக்கு எக்ஸ்டென்ஷன்_லோடட் வேண்டாம், பங்ஷன்_எக்ஸிஸ்ட்ஸ் போடுங்கள். சிம்ஃபனி பாலிஃபில் (இல்லாத பங்ஷனை பிஎச்பியிலேயே எழுதித் தரும் தொகுப்பு) இருந்தால் பங்ஷன் இருக்கும், எக்ஸ்டென்ஷன் இருக்காது. இல்லாத பங்ஷனைக் கூப்பிட்டால் வருவது எரர் வகைப் பிழை. பிழையைப் பிடிக்கும் கேட்சில் எக்ஸெப்ஷன் என்று எழுதினால் அகப்படாது, த்ரோவபிள் எழுதணும்.

படத்தைச் சிறிதாக்கும் ஜிடி எக்ஸ்டென்ஷன் இல்லையென்றால் திருவிழாப் படம் ஏற்றுவதை நிறுத்த வேண்டாம். பட அளவு சொல்லும் கெட்இமேஜ்சைஸுக்கு ஜிடி தேவையில்லை. அகலம், உயரம் எடுத்து மூலப் படத்தையே சிறிதாகக் காட்டலாம். ஆனால் 4 மெகாபைட் படம் 20 இருந்தால் பக்கம் 80 மெகாபைட். தோட்டத்துக்குள் கைப்பேசியில் பார்ப்பவர்களை நினைத்து, பக்கத்துக்கு 3 படத்தோடு நிறுத்துங்கள்.

லயத்துவீடு:
சரிதான் தம்பி. இன்னொன்று: டெர்மினலில் எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் பார்த்து ‘இருக்கே’ என்று விட்டுவிடக் கூடாது. டெபியனில் சிஎல்ஐக்கும் (டெர்மினலில் ஓடும் பிஎச்பி) எஃப்பிஎம்முக்கும் (தளத்துக்காக ஓடும் பிஎச்பி) அமைப்புக் கோப்புறை வேறு வேறு. ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லாமல் போகும். சோதனைச் சர்வரில் பிஎச்பிடிஸ்மோட் கட்டளையால் எஃப்பிஎம்மில் மட்டும் எம்பிஸ்ட்ரிங்கை அணைத்து, எஃப்பிஎம்மை மறுபடி தொடங்குங்கள். முனியாண்டி, லக்ஷ்மி, ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் என மூன்று ரசீது எடுங்கள். பிறகு பிஎச்பிஎன்மோட் போட்டு அதை மீண்டும் இயக்கி, மறுபடி தொடங்கி, அதே மூன்றையும் திரும்ப எடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு புள்ளிகூட மாறியிருக்கக் கூடாது.