கோவை சீனியர் லிவிங்: அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டணுமா, முடித்துவிட்டுச் சொன்னால் போதுமா?

முத்துநகர்_மூத்தவன்:
அம்மாவுக்கு 79 வயது. அப்பா போன பிறகு தூத்துக்குடி வீட்டில் தனியாக இருக்கிறார். சமையல், மார்க்கெட் எல்லாம் இன்னும் அவரே பார்க்கிறார். ஆனால் போன மாதம் ராத்திரி பாத்ரூமில் விழுந்து, விடிந்து பால்காரர் கூப்பிட்டபோதுதான் வெளியே தெரிந்தது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. நான் சென்னையில், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இருக்கிறேன். தங்கச்சி ஹூஸ்டனில்.

நானும் மனைவியும் கோவைப் பக்கம் சில சீனியர் லிவிங் இடங்களை, அதாவது முதியோருக்கென்று கட்டிய குடியிருப்புகளைப் போய்ப் பார்த்தோம். ஒன்று ரொம்பப் பிடித்துவிட்டது. கிளினிக், ஆம்புலன்ஸ், கோயில், சுத்தமான டைனிங் ஹால், சுற்றிலும் மலை. இந்த மாதத்துக்குள் புக் செய்தால் சலுகை என்கிறார்கள். ஊர் வீட்டை என் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி வாங்கி, விற்று, அங்கே ஒரு பிளாட் வாங்கலாம் என்று திட்டம். அம்மாவிடம் முன்கூட்டியே சொன்னால் முடியாது என்பார். எல்லாம் முடித்துவிட்டுக் கூட்டிப்போனால் பார்த்ததும் பிடித்துவிடும் என்பது என் எண்ணம். தங்கச்சி சண்டை போடுகிறாள். உங்கள் கருத்து?

வார்டு_சிஸ்டர்:
முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவள், அதனால் நேராகச் சொல்கிறேன். நீங்கள் பார்த்தது அவர்கள் காட்டியதை. காலை பதினொரு மணிக்கு மார்க்கெட்டிங் பையன் கூட்டிப்போனால் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள். ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர், அதில் படித்த நர்ஸ் எத்தனை பேர் என்று கேளுங்கள். பாத்ரூமில் அவசர மணிக் கயிறு தரை வரை தொங்குகிறதா பாருங்கள். விழுந்தவர் தரையில்தான் கிடப்பார், சுவரில் நாலடி உயரத்தில் சுவிட்ச் வைத்து என்ன பிரயோஜனம்? பாத்ரூம் கதவு உள்பக்கம் திறந்தால், விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையுமா? ஒரு தடவை மணியை அடித்துவிட்டு வாட்சைப் பாருங்கள். மலையை அப்புறம் பார்க்கலாம்.

இன்னொன்று. அம்மா ஏன் விழுந்தார்? அதைக் கண்டுபிடித்தீர்களா?

தில்லைநகர்_மகள்:
ஒரு தடவை விழுந்ததற்கு ஊரை விட்டே அனுப்புவதா? தானே மீன் வாங்கிச் சமைக்கிற அம்மாவுக்கு அக்கம்பக்கம் தெரியும், கடைக்காரர் தெரியும், பேச ஆள் இருக்கிறது. பால்காரர் வந்து கூப்பிட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கோவையில் அந்தப் பால்காரர் இருப்பாரா? பாத்ரூமில் கைப்பிடி போடுங்கள், வழுக்காத டைல்ஸ் போடுங்கள், ராத்திரி துணைக்கு ஒரு அம்மாவை வையுங்கள். பிளாட் விலையில் இதை எத்தனை வருஷம் செய்யலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் அப்பாவை திருச்சியில் அப்படித்தான் பார்த்துக்கொள்கிறோம்.

முத்துநகர்_மூத்தவன்:
மேடம், ஆள் வைத்துப் பார்க்காமலா இருப்பேன்? ஏஜென்சி வழியாக வைத்தோம். ஒருவர் நிற்கவில்லை, அடுத்தவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் வரவே இல்லை. ஆள் வராத அன்று நான் சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏற வேண்டும். நீங்கள் அப்பா இருக்கிற ஊரிலேயே இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், வித்தியாசம் அதுதான்.

சிஸ்டர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். எழுந்ததும் தலை சுற்றியதாகச் சொன்னார். கேட்டதையே திரும்பக் கேட்கிறார், ஒரு தடவை கேஸை அணைக்க மறந்திருக்கிறார். வயசுதானே என்று விட்டுவிட்டோம்.

வார்டு_சிஸ்டர்:
வயசு என்று விடாதீர்கள். முதல் வேலை டாக்டர், பிளாட் அப்புறம். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், மாத்திரையின் அளவை மாற்றினாலே தலைசுற்றல் நிற்கலாம். மறதிக்கு தைராய்டு, பி12, சோடியம் பார்க்க வேண்டும். துணையை இழந்த துக்கம்கூட மறதி போலத் தெரியும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறந்தது, 200 படுக்கை. உங்கள் வீட்டுக்கு அழைத்துவரும்போது அங்கே காட்டுங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெறும் தனிமை என்றால் ஒரு வகை இடம் வேண்டும், டிமென்ஷியா எனும் மறதி நோயின் ஆரம்பம் என்றால் முற்றிலும் வேறு வகை. நீங்கள் பார்த்து மயங்கியது தன் வேலையைத் தானே செய்துகொள்கிறவர்களுக்கான இடம்.

வடவள்ளி_வாசி:
நான் அப்படிப்பட்ட ஒரு இடத்தில் குடியிருக்கிறவன், வயது 74. சிஸ்டர் பேசுவதைப் பார்த்தால் நாங்கள் எல்லாம் ஏமாந்துபோய் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. எங்களுக்கு இங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு, சீட்டாட்டம் உண்டு, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டு. குழாய் ரிப்பேருக்கு நான் யாரையும் துரத்த வேண்டியதில்லை. பிள்ளைகள் போன் செய்தால் மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்காமல் வேறு ஏதாவது பேசுகிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் தம்பி, இங்கே நன்றாக இருக்கிறவர்கள் எல்லாம் தாங்களே தேர்ந்தெடுத்து வந்தவர்கள். "கோயிலுக்குப் போகலாம் வா" என்று கூட்டிவந்து விட்டுப்போன ஓர் அம்மா எதிர் பிளாக்கில் இருக்கிறார். தினமும் பையைக் கட்டிக்கொண்டு கேட் பக்கம் வந்து நிற்கிறார். சுற்றிக் காட்டுவதே வீண் என்று சிஸ்டர் நினைத்தால் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சுற்றிப் பார்க்க வேண்டியவர் நீங்கள் இல்லை, அவர். அவ்வளவுதான்.

அப்புறம், தூத்துக்குடிக்காரர் என்கிறீர்கள். இங்கே பல இடங்களில் சுத்த சைவம், அறையில்கூட மீன் சமைக்கக் கூடாது என்று விதி. கேட்டீர்களா?

முத்துநகர்_மூத்தவன்:
கேட்கவில்லை சார். அம்மா வாரத்தில் நாலு நாள் மீன் சாப்பிடுகிறவர்.

தில்லைநகர்_மகள்:
இதைக்கூடக் கேட்காமல் வீட்டை விற்கக் கிளம்பிவிட்டீர்கள்.

கணக்குப்புலி:
பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. முதலில் அந்த செட்டில்மென்டை விடுங்கள். வீடு அம்மாவுடையது. அவர் பெயரிலேயே விற்கட்டும், பணம் அவர் கணக்கில் விழட்டும், வாங்குவதும் அவர் பெயரில் இருக்கட்டும். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் எழுதி வாங்கிவிட்டுப் பிறகு பார்க்காவிட்டால், 2007 முதியோர் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். சொத்தைத் திரும்ப ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, தங்கச்சி ஏன் சண்டை போடுகிறார் என்று யோசியுங்கள்.

பிளாட் கிரயம் வாங்குவதே எனக்குச் சம்மதம் இல்லை. பல இடங்களில் 55 அல்லது 60 வயது ஆகாதவர் குடியிருக்க முடியாது. நாளைக்கு வாரிசாக உங்களுக்கு வந்தாலும் பூட்டி வைத்து மெயின்டெனன்ஸ் கட்ட வேண்டியிருக்கும். விற்க நினைத்தாலும் கம்பெனி வழியாக, கட்டணம் கொடுத்து, அதே வயதுக்காரருக்குத்தான் விற்க முடியும். டெபாசிட் கட்டியோ மாத வாடகைக்கோ தரும் இடங்கள் இருக்கின்றன, அதைப் பாருங்கள். ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு இருக்கிறது என்று காட்டுவார்கள். நல்லதுதான், ஆனால் ரெரா கட்டடத்தைப் பார்க்கும், நைட் நர்ஸ் வந்தாரா என்று பார்க்காது. மத்திய அரசு 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதலும் மாநிலங்களுக்குச் சொன்ன யோசனைதான், சட்டம் இல்லை. ஆகவே உங்களுக்கு இருப்பது ஒப்பந்தம் ஒன்றுதான்.

வார்டு_சிஸ்டர்:
அந்த ஒப்பந்தத்தில் ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள். படுத்த படுக்கையாகிவிட்டால் என்ன செய்வார்கள்? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அதைச் செய்வது யார், அதற்குக் கட்டணம் எவ்வளவு? வடவள்ளி ஐயாவிடமும் கேட்கிறேன், உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது?

வடவள்ளி_வாசி:
சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அவர்களுடைய நர்சிங் பிளாக்குக்கு மாற வேண்டும். நர்சிங் பிளாக்கில் இடம் இருந்தால். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். என் வயதில் எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் தேடினால் எங்குமே குடியேற முடியாது, சிஸ்டர்.

வார்டு_சிஸ்டர்:
தெரிந்து போட்டீர்கள், அது உங்கள் துணிச்சல். இந்த அம்மாவுக்காகப் போடப்போகிறவர் மகன். அவர் தெரியாமல் போடக் கூடாது.

முத்துநகர்_மூத்தவன்:
மேனேஜருக்கு மெயில் போட்டேன். படுக்கையானால் "சூழ்நிலையைப் பொறுத்து முடிவு செய்வோம்" என்று பதில் வந்தது. அசைவம் கிடையாது.

அம்மாவிடம் நேற்று பேசிவிட்டேன். திட்டு விழுந்தது. வீட்டை விற்கிற பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவேன் என்றார். ஆனால் "ஒரு மாசம் இருந்து பார்க்கச் சொன்னால் பார்க்கிறேன், மீன் கிடைக்கிற இடமாகப் பாரு" என்றும் சொன்னார். சலுகை போனால் போகட்டும். முதலில் கிண்டியில் டாக்டரைப் பார்த்துவிட்டு, வாடகைக்கு ஒரு மாதம் தங்க விடுகிற இடம் தேடப் போகிறேன், திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கமும் சேர்த்து. தங்கச்சி லீவு போட்டு வந்து கூடத் தங்குகிறாளாம்.

தில்லைநகர்_மகள்:
அந்த ஒரு மாதத்துக்குள் ஊர் வீட்டு பாத்ரூமுக்குக் கைப்பிடி போட்டுவிடுங்கள். திரும்பி வந்தாலும் வருவார்.

கணக்குப்புலி:
ஒரு மாத அட்வான்ஸுக்கு ரசீது வாங்கும்போது, இடம் ஒத்துவராமல் பாதியில் கிளம்பினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.