ஆறு மாத ஏசி கோர்ஸ் படித்தால் வேலை கிடைக்குமா?

திருமலைப் பொடியன்:
ஏ.எல் முடித்து இரண்டு வருடமாக வீட்டில்தான் இருக்கிறேன். இப்போது ஆறு மாத ஏசி மெக்கானிக் கோர்ஸ் ஒன்றுக்கு இடம் கிடைத்திருக்கிறது, காசும் கட்டத் தேவையில்லை. ஆனால் போன வருடம் இன்னோர் இடத்தில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தேன், அந்தச் சான்றிதழ் அலுமாரியில் உடுப்புக்குக் கீழே கிடக்கிறது, கேட்டவர் ஒருவரும் இல்லை. அம்மா சொல்கிறா, சீனக்குடாப் பக்கம் ஆலைகளில் கூலிக்கு ஆள் எடுத்தால் போய்ச் சேரட்டாம். படித்து வேலை எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

உப்புக்காற்று:
தம்பி, நான் நிலாவெளியில் ஏசி வேலைதான் செய்கிறேன். என்விகியூ, அதாவது அரசாங்கத்தின் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், கிடைக்கும் கோர்ஸா, எத்தனையாம் லெவல் என்று முதலில் கேளுங்கள். மூன்று, நான்கு என்றால் நாடு முழுக்கச் செல்லும், வெறும் பங்குபற்றிய சான்றிதழ் என்றால் அலுமாரிக்கு இன்னொன்று. அப்புறம் ஓஜேடி, அதாவது வேலை இடத்திலேயே கொடுக்கும் பயிற்சி, இருக்கிறதா? என்னிடம் ஒரு பையன் வந்தான், கோர்ஸில் நல்ல புள்ளி. ஹோட்டல் ஒன்றில் கேஸ் குறைகிறது என்று அனுப்பினால் கேஸை நிரப்பிவிட்டு வந்துவிட்டான். இங்கே கடற்காற்றில் வெளியில் இருக்கும் கொயில் அரித்துப் பொட்டு ஓட்டை விழும், சோப்பு நுரை தடவி எங்கே குமிழி வருகிறது என்று தேடவேண்டும். ஒரு கிழமையில் கேஸ் இல்லை, ஏச்சு எனக்கு. ஆனாலும் ஆளை வேலையை விட்டு நிற்பாட்டவில்லை, இப்போது நல்லாகச் செய்கிறான்.

கணக்கு அக்கா:
எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் தம்பி. வளர்ந்துவரும் நாடுகளில் நடந்த ஆய்வுகளை டேவிட் மெக்கென்சி என்ற பொருளியலாளர் 2017இல் சேர்த்துப் பார்த்தார். 100 பேருக்குப் பயிற்சி கொடுத்தால், அது இல்லாவிட்டால் கிடைத்திராத வேலை 3 பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. படித்த பாதிப் பேருக்கு வேலை என்று பனர் கட்டுவார்கள், அவர்களில் எத்தனை பேர் படிக்காமலே வேலைக்குப் போயிருப்பார்கள் என்று யார் எண்ணுவது! ஆனால் கார்ட், க்ளூவே, வெபர் மூவரும் 200க்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்து 2018இல் எழுதியதையும் சொல்லவேண்டும்: பயிற்சியின் பலன் உடனே தெரியாது, இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும். படிக்கும் காலத்தில் ஆள் வேலை தேடுவதில்லைதானே. பெண்களுக்கும் நெடுநாள் வேலையில்லாமல் இருந்தவர்களுக்கும் பலன் கூட. நீங்கள் அந்த இரண்டாவது.

கிண்ணியாத் தங்கச்சி:
எங்கள் நானா கோர்ஸே படிக்கவில்லை, ஏழு வருடம் மேசன் வேலை செய்தவர். ஆர்பிஎல் என்று ஒரு வழி இருக்கிறது, செய்த வேலையைப் பரீட்சித்து என்விகியூ கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொண்டுதான் கத்தார் போனார். கூலிக்குப் போனாலும் கதவு அடைபடாது.

திருமலைப் பொடியன்:
நன்றி எல்லாருக்கும். கேட்டுப் பார்த்தேன், லெவல் மூன்று, ஓஜேடி இரண்டு மாதம் ஹோட்டலிலாம். ஆனால் அது நவம்பரில், மழைக்குள், சுற்றுலா சீசனும் முடிந்துவிடும். சும்மா இருத்தி வைப்பார்களோ?

உப்புக்காற்று:
ரூம் காலியாக இருக்கும்போதுதானே எல்லா யூனிட்டையும் கழற்றிக் கழுவுவோம். சீசனில் வந்தால் கண்ணால் பார்க்கத்தான் விடுவார்கள். வழுக்காத சப்பாத்து ஒன்று வாங்குங்கள், ஏணி ஈரமாக இருக்கும்.