அரேயில் 12 சொற்கள், திரையில் ஒரே சொல் 12 முறை

ஸ்விஃப்ட்யூஐ (ஆப்பிள் சாதனங்களுக்கு ஆப் திரைகளை எழுதும் கருவி) படிக்க ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. புதிதாகக் கற்கும் சொற்களைக் குறித்துவைக்க ஒரு சின்ன ஆப் எழுதினேன். சொல்லும் பொருளும் கொண்ட ஒரு ஸ்ட்ரக்ட் (தரவு வகை), அவற்றின் அரே (வரிசையான தொகுப்பு), அதைக் காட்ட ஒரு லிஸ்ட். இவ்வளவுதான். இதற்கே இரண்டு ராத்திரி போனது.

ப்ரிவியூவில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. சிமுலேட்டரில் ஓட்டி, படிவத்தில் 'அலை' என்று சேர்த்தேன், வந்தது. 'மலை' சேர்த்தேன். இரண்டாவது வரியிலும் 'அலை'! 12 சொல் சேர்த்து முடித்தபோது திரை முழுக்க அலை அலையாக அலைதான். ஆனால் அரேயை ப்ரிண்ட் செய்து பார்த்தால் 12 சொல்லும் நான் சேர்த்த வரிசையிலேயே இருக்கின்றன.

சேர்க்கும் பட்டனைச் சந்தேகப்பட்டேன். திரைக்கான மதிப்புகளை வைத்திருக்கும் ஸ்டேட்டைச் சந்தேகப்பட்டேன். ஆப் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடை மூடித் திறந்தும் பார்த்தேன் (செய்யாதவர் யார்?).

விஷயம் ஐடியில் இருந்தது. ஐடெண்டிஃபையபிள் (ஒவ்வோர் உருப்படிக்கும் தனி அடையாளம் வேண்டும் என்னும் விதி) ஒரு ஐடி கேட்கிறதே என்று ஒரு முழு எண்ணைப் போட்டு, அதற்கு ஆரம்ப மதிப்பாக 0 கொடுத்திருந்தேன். ப்ரிவியூவுக்கான மாதிரித் தரவில் 1, 2, 3 என்று நானே கையால் எழுதியதால் அங்கே பிரச்சினை தெரியவில்லை. படிவமோ ஐடியைத் தொடவே இல்லை, ஆகவே அதில் சேர்த்த எல்லாவற்றுக்கும் 0. எந்த வரி எது என்று, அரேயிலிருந்து வரிகளை உருவாக்கும் ஃபார்ஈச் தெரிந்துகொள்வது ஐடியை வைத்துத்தான். 12 பேருக்கும் ஒரே பெயர் வைத்தால், கூப்பிடும்போதெல்லாம் முதல் ஆள்தான் எழுந்து வருவார் போல.

கடுப்பு என்னவென்றால், கன்சோலில் அது எழுதியே இருந்தது. இந்தத் தொகுப்பில் 0 என்ற ஐடி பலமுறை வருகிறது, விளைவுக்கு உத்தரவாதம் இல்லை என்கிற பொருளில் ஒரு வரி. என்னுடைய ப்ரிண்ட் வரிகளுக்கு நடுவே அது புதைந்துகிடந்தது. இப்போது ஐடியை லெட் (பிறகு மாறாத மதிப்பு) போட்டு, யூயூஐடியாக (தானாக உருவாகும் தனித்த அடையாளம்) மாற்றிவிட்டேன். மற்றவர்களும் இதுபோல மாட்டியிருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1

நான் யூயூஐடி போட்டே மாட்டியவன். ஐடியை ஒரு கம்ப்யூட்டட் ப்ராப்பர்ட்டியாக (சேமித்து வைக்காமல், கேட்கும்போது கணக்கிடப்படுவது) எழுதி, அதற்குள் யூயூஐடியை உருவாக்கித் திருப்பி அனுப்பினேன். கேட்கும்போதெல்லாம் புது ஐடி! வரிகளைக் காட்டுவதில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு டெக்ஸ்ட்ஃபீல்டு வைத்திருந்தேன். ஓர் எழுத்து தட்டியதும் கீபோர்டு மறைந்துவிடும். திரும்பத் தொட்டால் இன்னோர் எழுத்து, திரும்ப மறையும். ஓர் எழுத்து மாறினாலே திரை மறுபடி வரையப்படுகிறது, ஐடி புதிது என்பதால் வரியும் புது வரியாகிவிடுகிறது, பழைய வரியில் இருந்த ஃபோகஸ் அதோடு போய்விடுகிறது. கீபோர்டு அமைப்புகளை நோண்டியே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

பதில் 2

எனக்குத் திரை முழுக் காலி. ப்ரிண்டில் 40 உருப்படி இருக்கிறது, லிஸ்ட்டில் ஒன்றுகூட இல்லை. பப்ளிஷ்டு (மதிப்பு மாறினால் திரைக்குத் தெரிவிப்பது) போட்டிருக்கிறேன், எல்லாம் பாடத்தில் உள்ளபடிதான்.

கடைசியில் திரைக்கான தரவை வைத்திருக்கும் வியூமாடல் கிளாஸின் இனிட்டுக்குள் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) ஒரு ப்ரிண்ட் வைத்துப் பார்த்தேன். இரண்டு முறை அச்சானது. பட்டியல் வியூ (திரைப் பகுதி) தனக்கு ஒரு வியூமாடலை உருவாக்கியிருந்தது, சேர்க்கும் வியூ தனக்கு இன்னொன்றை. நான் நிரப்பியது ஒன்றை, பார்த்துக்கொண்டிருந்தது மற்றொன்றை. பட்டியல் வியூவில் மட்டும் ஸ்டேட்ஆப்ஜெக்ட்டாக (வியூ தானே உருவாக்கி வைத்துக்கொள்வது) உருவாக்கி, அதையே அடுத்த வியூவுக்கு அப்சர்வ்டுஆப்ஜெக்ட்டாக (வெளியிலிருந்து வாங்கிக் கவனிப்பது) கொடுத்ததும் 40ம் வந்தன. ஸ்டேட்ஆப்ஜெக்ட் 2020இல் ஐஓஎஸ் 14உடன் வந்தது. 2019இல் எழுதிய பாடங்களில் அது இருக்காது, நான் படித்தது அப்படி ஒன்று.

பதில் 3

சுருக்கமாக என்னுடையது: அரேக்குள் ஸ்ட்ரக்ட்டுக்குப் பதில் கிளாஸ் (அரேயில் ஆப்ஜெக்ட்டைச் சுட்டுவது மட்டும் இருக்கும் வகை) வைத்திருந்தேன். டிக் பண்ணினால் மதிப்பு மாறும், திரை மாறாது. அரேயைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது அதே ஆப்ஜெக்ட்தான், அதனால் பப்ளிஷ்டுக்கு மாற்றம் எதுவும் தெரிவதில்லை. ஸ்ட்ரக்ட்டாக்கினேன், தீர்ந்தது.

பதிவிட்டவர்

எல்லாருக்கும் நன்றி. ஆனால் என் கதை முடியவில்லை. பிடித்த சொற்களின் ஐடிகளைத் தனியாகச் சேமிக்கிறேன். ஆப்பை மூடித் திறந்தால் ஒரு சொல்லிலும் நட்சத்திரம் இல்லை. லெட் என்று மதிப்போடு எழுதிய ஐடியைக் கோடபிள் (தரவைக் கோப்பில் எழுதவும் படிக்கவும் உதவுவது) கோப்பிலிருந்து படிக்காதாம், ஒவ்வொரு முறையும் புதிதாகவே உருவாகுமாம். கம்பைலர் மஞ்சள் நிற எச்சரிக்கையில் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. சரி என்று வார் (மாற்றக்கூடியது) ஆக்கினேன். இப்போது, ஆப்போடு நான் கொடுக்கும் தொடக்கச் சொற்களின் ஜேசன் கோப்பே (தரவை எழுத்தாக வைக்கும் கோப்பு) வரவில்லை. திரை காலி. பிழைச் செய்தியும் இல்லை.

பதில் 2

அந்த ஜேசனில் ஐடி இருக்கிறதா? வார் ஆக்கியதும் கோடபிள் அதைக் கோப்பில் தேடும். நீங்கள் ஆரம்ப மதிப்பு கொடுத்திருந்தாலும் தேடும். கிடைக்காவிட்டால் மொத்தக் கோப்பையும் படிக்காமல் பிழை வீசும். தொடக்கக் கோப்பிலும் ஐடிகளை எழுதிவிடுங்கள், அல்லது டிகோட் செய்யும் (கோப்பைத் தரவாக மாற்றும்) இனிட்டை நீங்களே எழுதி, ஐடி இருந்தால் எடு, இல்லாவிட்டால் புதிதாகப் போடு என்று சொல்லுங்கள். பிழைச் செய்தி வரவில்லை என்கிறீர்களே, ட்ரைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி (பிழையை விழுங்கிவிடும்) போட்டிருக்கிறீர்களா?

பதிவிட்டவர்

போட்டிருந்தேன். அதற்குப் பின்னால் இரட்டைக் கேள்விக்குறி, அதற்கும் பின்னால் காலி அரே, அதாவது படிக்க முடியாவிட்டால் காலியைக் காட்டு என்று. எடுத்துவிட்டு, பிழையைப் பிடித்துக் காட்டும் டூ-கேட்ச் எழுதினேன். ஐடி என்ற கீயைக் காணோம் என்று முதல் ஓட்டத்திலேயே சொல்லிவிட்டது.