கையில் வந்து விழுந்த புதிய ஏற்பாடு: உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்?

முத்துநகர்க்காரன்:

அலமாரியை ஒழித்தபோது உள்ளங்கை அளவில் ஒரு புதிய ஏற்பாடு அகப்பட்டது. 1987-இல், ஒன்பதாம் வகுப்பில், இலவசமாக வேதம் வழங்கும் புராட்டஸ்டன்ட் சங்கத்தாரான கிதியோன்கள் கொடுத்தது. வெள்ளைச் சட்டை போட்ட இருவர் தலைமையாசிரியரோடு வந்தார்கள். மேசைமேல் கட்டுக்கட்டாக அடுக்கினார்கள். ஆளுக்கொன்று கொடுத்து, இரண்டு நிமிடம் பேசிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள். இந்துப் பையன்கள் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) பையன்கள் வீட்டில் ஏற்கெனவே நான்கு இருக்கிறது என்றார்கள். வாங்கலாமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழித்தவர்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பையன்களான நாங்கள் மட்டும்தான்.

வீட்டில் ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொருளடக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். மத்தேயு இருந்தார், மாற்கு இருந்தார். "அருளப்பர் எங்கே? சின்னப்பர் எங்கே? இராயப்பரையே காணோமே, இது என்ன வேதம்?" என்றார். யோவான், பவுல், பேதுரு என்று அச்சிட்டிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பிறந்ததிலிருந்து கேட்ட பெயர்கள் வேறு. வேதப் புத்தகம் என்று எங்கள் வீட்டில் எதுவும் கிடையாது. செபப் புத்தகம் உண்டு, அந்தோனியார் நவநாள் புத்தகம் உண்டு. வேதம் என்பது பூசையில் சாமி வாசிப்பது, நாம் கேட்பது.

அப்பா அதைப் பங்குச் சாமியாரிடம் எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். சாமியார் உள்ளே எதையும் வாசிக்கவில்லை. முதல் இரண்டு தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகுதான் புரிந்தது, அச்சிட ஆயர் கொடுக்கும் அனுமதியைத் தேடியிருக்கிறார். அது இல்லை. புத்தகத்தை மூடி என்னிடமே நீட்டி, "படிக்கட்டும். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் போகவேண்டாம்" என்றார். அந்த ஊரின் மொத்த நிலைப்பாடும் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிட்டதாக இப்போது தோன்றுகிறது.

உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். சண்டை வேண்டாம்.

இரவுப்பணி:

எனக்குக் கிடைத்தது வெள்ளை அட்டை போட்டது. திருச்சியில் செவிலியர் பயிற்சி முடித்த ஆண்டு எங்களோடு முடித்த எல்லோருக்கும் கிதியோன்கள் கொடுத்தார்கள். விடுதிப் பொறுப்பில் இருந்த கன்னியர் கொஞ்சம் கண்டிப்பானவர். பிடுங்கிக்கொள்வார் என்று பயந்து தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தேன். சோதனைக்கு வந்தவர் முதலில் அதைத்தான் எடுத்தார். நின்றபடியே பத்து நிமிடம் படித்தார். பிறகு, "புதிய ஏற்பாட்டின் இருபத்தேழு நூலும் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். நன்றாகப் படி. கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதே" என்றார்.

அந்தப் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிறிஸ்துவை என் இரட்சகராக ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொருளில் சில வரிகள். கீழே பெயருக்கு ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு. பிறந்த சில வாரங்களிலேயே ஞானஸ்நானம் வாங்கியவளிடம் இன்று தேதி போடு என்றால், அதுவரை நடந்தது எல்லாம் என்ன கணக்கு? கன்னியருக்கு உறுத்தியது அதுதான்.

பின்பகுதியில் இருந்த சங்கீதங்கள் எனக்கு எவ்வளவு உதவின என்று சொல்லி முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் விடியற்காலை மூன்று மணிக்கு, தூக்கம் வராத நோயாளிகளுக்கு மெதுவாக வாசித்திருக்கிறேன். எந்தச் சபை அச்சிட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை.

தக்கலை ஓரம்:

இங்கே எல்லோரும் நெகிழ்ந்துவிட்டீர்கள், நான் கொஞ்சம் முறைத்துக்கொள்கிறேன். எங்கள் குமரி மாவட்டத்தில் ஒரே தெருவில் ஆர்.சி., சி.எஸ்.ஐ., சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே எல்லாம் உண்டு. வீடு வீடாக வந்த ஒரு ஜெபக்குழு என் தாத்தாவுக்குக் கறுப்பு அட்டை, சிவப்பு ஓரம் போட்ட முழு வேதாகமம் கொடுத்தது. அடுத்த வாரம் திரும்பி வந்து, சுவரில் இருந்த மாதா படத்தைக் கழற்றச் சொன்னது. தாத்தா புத்தகத்தை வைத்துக்கொண்டார், அவர்களை அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம் புத்தகத்தின்மேல் அல்ல, அந்த இரண்டாவது வருகையின்மேல்.

தாத்தா இறந்தபோது இன்னொன்று நடந்தது. உடலை எடுக்குமுன் சாமியார், "சாலமோனின் ஞானம், மூன்றாம் அதிகாரம் வாசியுங்கள்" என்றார். நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் இருக்கின்றன என்று வரும் பகுதி. வீட்டில் இருந்தது அந்தக் கறுப்பு வேதாகமம்தான். என் சித்தப்பா மகன் எடுத்துப் புரட்டினான். நீதிமொழிகள், பிரசங்கி, உன்னதப்பாட்டு என்று சாலமோன் பேரில் இருந்ததையெல்லாம் பார்த்தான். ஞானத்தைக் காணோம். கூட்டம் காத்திருந்தது, அவன் காது சிவந்துவிட்டது. சாமியார் அருகில் வந்து அட்டையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சரி, இருபத்து மூன்றாம் சங்கீதம் வாசி" என்றார். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று அவன் வாசித்தான். நம்முடைய "ஆண்டவரே என் ஆயர்" என்பதைவிட அது அந்த இடத்தில் நன்றாகவே ஒலித்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சாலமோனின் ஞானம் போன்ற ஏழு பழைய ஏற்பாட்டு நூல்கள் நம் வேதத்தில் உண்டு, புராட்டஸ்டன்ட் வேதத்தில் இல்லை. "ஏழு நூலைக் கிழித்துவிட்டார்கள்" என்று நம் ஆட்கள் சொல்லுவது மேடைப் பேச்சு. நம் திருச்சபை 1546-இல் திரெந்துச் சங்கம் என்ற ஆயர்கள் பேரவையில் அவற்றை உறுதி செய்தது. புராட்டஸ்டன்ட் பிரிவைத் தொடங்கிய லூத்தர் 1534-இல் வெளியிட்ட முழு வேதாகமத்தில்கூட அவை தனிப் பகுதியாக இருந்தன, வேதத்துக்கு இணையாக அல்ல. இலண்டன் வேதாகமச் சங்கம் 1826-இல் அவற்றை அச்சிடப் பணம் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. மொத்தத்தில் நமக்கு 73 நூல், அவர்களுக்கு 66. கொடுப்பவர்கள் அதை ஒரு வரி சொல்லிவிட்டுக் கொடுத்தால் என் தம்பிக்கு அன்று காது சிவந்திருக்காது. இரவுப்பணி அக்கா, ஒரு கேள்வி: கடைசியில் கையெழுத்துப் போட்டீர்களா, இல்லையா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:

என் சிறுவயதில் இதெல்லாம் பேச்சுக்கே இடமில்லை. "பிரிவினைச் சபையாரின் புத்தகம் வீட்டில் இருக்கக்கூடாது" என்று உபதேசியார் தீர்மானமாகச் சொல்லுவார். அவரைக் குறை சொல்லமுடியாது. 1844-இல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் வேதாகமச் சங்கங்களைக் கண்டித்துச் சுற்றுமடலே எழுதியிருக்கிறார். அதற்கும் முன்பு நம் மண்ணிலேயே தரங்கம்பாடி லுத்தரன்கள் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தார்கள். அவர்களை மறுத்து எழுதியவர் வேறு யாருமல்ல, நம் கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர்தான். சண்டைக்கு முந்நூறு வயது.

திருப்பம் 1965-இல் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற ஆயர்கள் பேரவை வெளியிட்ட இறை வெளிப்பாடு பற்றிய ஏடு, விசுவாசிகள் எல்லோருக்கும் வேதம் எளிதில் கிடைக்கவேண்டும் என்றது. பிரிந்த சகோதரர்களோடு சேர்ந்தும் மொழிபெயர்க்கலாம் என்றது. அதன் பலன்தான் 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. அதில் இராயப்பர் பேதுருவாகவும் சின்னப்பர் பவுலாகவும் ஆகிவிட்டார்கள். முத்துநகர்க்காரரின் ஆச்சி அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! இராயப்பர் இன்னும் பத்திரமாக இருப்பது சென்னை இராயபுரத்தின் பெயரில்தான்.

ஒரு வேடிக்கை. கிதியோன்கள் 1899-இல் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றிய மூன்று விற்பனைப் பிரதிநிதிகள் தொடங்கிய சங்கம். 1908-லிருந்து விடுதி அறைகளில் வேதாகமம் வைக்கிறார்கள். கத்தோலிக்கருக்குப் புத்தகம் தாராளமாகக் கொடுப்பார்கள். உறுப்பினராகச் சேர்க்கமாட்டார்கள்.

நான் கொடுத்தவன்:

நான் சி.எஸ்.ஐ. இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கல்லூரி நாட்களில் எங்கள் வாலிபர் குழுவோடு நாகப்பட்டினம் சாலையில், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குச் சிறு நற்செய்திப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். தக்கலை ஓரம் சொல்லும் கோபம் நியாயமானது. நாங்களும் "இருட்டில் நடக்கிறவர்கள்" என்று அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் போனோம்.

காவிப் புடவை கட்டிய ஓர் அம்மா, கால் கொப்புளத்துக்குத் துணி சுற்றியிருந்தார். புத்தகத்தை வாங்கி முந்தானையில் முடிந்தார். தன் கையில் இருந்த இரண்டு செபமாலைகளில் ஒன்றை என் கையில் வைத்து, "நான் வாங்கிக்கொண்டேன் அல்லவா தம்பி, நீயும் வாங்கிக்கொள்" என்று சொல்லி நடந்துவிட்டார். திருப்பிக் கொடுக்க வாய் வரவில்லை. குழுத் தலைவருக்குத் தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டேன். முப்பது ஆண்டுகளாகப் பீரோவில் இருக்கிறது. என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

இரவுப்பணி:

தக்கலை ஓரம் தம்பி கேட்டதற்குப் பதில். போட்டேன். ஆனால் தேதிக் கோட்டில் அன்றைய தேதியை எழுதவில்லை. ஊருக்குப் போனபோது பங்குப் பதிவேட்டில் பார்த்து, எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த தேதியை எழுதினேன். கன்னியரிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல், மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.