தோற்ற மேட்ச், ஆறாத மேட்ச்: உங்களுடையதை எழுதுங்கள்

வாலாஜா ரோடு

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கம், பாகிஸ்தான் டெஸ்ட், நாலாவது நாள். ஸ்கோர் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெயிக்க 271 ரன் அடிக்க வேண்டும், 82 ரன்னுக்கே 5 விக்கெட் போய்விட்டது. அப்புறம் சச்சினும் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன். மோங்கியா அவுட்டான பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டே ஆடினார் சச்சின். ஒரு ஷாட் அடிப்பார், குனிந்து நிற்பார், நிமிர்வார், திரும்ப அடிப்பார். பக்கத்து சீட்டில் ஒரு அண்ணன், யாரென்றே தெரியாது. மதியத்திலிருந்து என் தோளில் கை போட்டுக்கொண்டுதான் மேட்ச் பார்த்தார். நானும் எடுக்கச் சொல்லவில்லை. கை எடுத்தால் விக்கெட் விழும் என்று இரண்டு பேருக்குமே தோன்றியது.

இன்னும் 17 ரன். கையில் நாலு விக்கெட். பாகிஸ்தான் பவுலர் சக்லைன் போட்ட பந்தை சச்சின் தூக்கி அடித்தார், மேலே போய்விட்டது.

எனக்கு மேட்ச் என்றாலே அந்தப் பந்து மேலே இருந்த நேரம்தான். கீழே பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம் நகர்ந்து வருகிறார். ஸ்டாண்டே எழுந்து நிற்கிறது. அந்த அண்ணன் விரல்கள் என் தோள் எலும்பில் பதிகின்றன. அக்ரம் பிடித்ததை நான் பார்க்கவே இல்லை. தோளிலிருந்த கை தளர்ந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். தனியாகவும் அதே 136 ரன் அடித்திருந்த சச்சின் போனபின் நாலே ரன்னில் மிச்ச மூன்று விக்கெட்டும் போனது. 12 ரன்னில் தோல்வி.

பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது. இன்று வரை எல்லோரும் அதைப் பெருமையாக எழுதுகிறார்கள். பெருமைதான், நானும் தட்டினேன். ஆனால் தட்டும்போது தொண்டை அடைத்து மூச்சு விட முடியாமல் நின்றவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆட்டநாயகன் விருதை வாங்கக்கூட சச்சின் வெளியே வரவில்லை. அவர் உள்ளே அழுதார் என்று பிறகு படித்தபோது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. அந்த அண்ணன் கூட்டத்தில் எங்கே போனார் என்று தெரியவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள். ஜெயித்த கதை வேண்டாம்.

கோவைக்காரி

எனக்கு 2019 ஐபிஎல் ஃபைனல், மும்பையிடம் சென்னை தோற்றது. ஒரு ரன். வேறு என்ன சொல்ல!

அந்த ஃபைனல் நம் ஊரில் நடந்திருக்க வேண்டியது. சேப்பாக்கத்தில் ஐ, ஜே, கே ஸ்டாண்டுகளைத் திறக்க அனுமதி கிடைக்காமல் ஹைதராபாத்துக்குப் போனது. அதிலேயே அப்பாவுக்கு மனசு சரியில்லை. நடுவில் தோனி ரன் அவுட். அது அவுட்டே இல்லை என்பதுதான் இன்று வரை எங்கள் வீட்டின் முடிவு. தேர்ட் அம்பயர் எந்த ஃபிரேமைப் பார்த்துக் கொடுத்தார் என்று தெரியவில்லை.

கடைசி ஓவருக்கு 9 ரன், போடுவது மும்பையின் மலிங்கா. வாட்சன் 80ஐ நெருங்கி நிற்கிறார். நாலாவது பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடினார். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓட்டம் இல்லை, காலை இழுத்துக்கொண்டு வந்தார். வயசாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது என்று நாங்கள் நினைத்தோம். ஸ்டம்ப் விழுந்தது. அடுத்த பந்தில் ஷர்துல் இரண்டு எடுத்தார், கடைசிப் பந்தில் எல்பிடபிள்யூ. நம் ஸ்கோர் 148, ஒரு ரன் குறைவு.

வாட்சன் முழங்காலில் ரத்தம் வழிந்தது பிறகு கூட ஆடிய ஹர்பஜன் சொல்லித்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ஆறு தையல். அதற்கப்புறம் படத்தைப் பார்த்தால் மஞ்சள் பேண்டில் முட்டிப் பக்கம் சிவப்பாகப் படர்ந்திருக்கிறது. மேட்ச் முழுக்க டிவியில் பெரிசாகத்தான் காட்டினார்கள், எங்கள் கண்ணில் படவில்லை. அப்பா அந்தப் படத்தை போனில் விரித்து விரித்துப் பார்த்தார். "இந்தக் காலை வச்சுக்கிட்டா பாப்பா அந்த ரெண்டாவது ரன்னுக்கு ஓடினாரு?" என்று கேட்டார். கோப்பை போனதைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசியதே இல்லை. கால் பற்றித்தான் பேசுவார்.

நாலாவது ஸ்லிப்

சகோதரி, வாட்சன் விஷயத்தில் நூற்றுக்கு நூறு உங்கள் பக்கம். ஆனால் தோனி ரன் அவுட்டை அம்பயர் தலையில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். நானும் மஞ்சள் ஜெர்சிதான், அதனால் சொல்லும் உரிமை உண்டு.

அந்த மேட்சில் அதிர்ஷ்டம் நமக்கு எதிராக மட்டும் போகவில்லை. வாட்சனுக்கே கேட்ச் விட்டார்கள். 19வது ஓவர் கடைசிப் பந்தில் கீப்பர் விட்டு நாலு பைஸ் வந்தது, அது இல்லையென்றால் கடைசி ஓவருக்கு 13 ரன். கடைசி ஓவரை மலிங்காவிடம் கொடுத்தது மும்பை கேப்டன் ரோகித்துக்கும் எளிதான முடிவில்லை, அதற்கு முந்தைய மூன்று ஓவரில் அவர் 42 ரன் கொடுத்திருந்தார். பும்ரா நாலு ஓவரில் 14 ரன் கொடுத்து இரண்டு விக்கெட் எடுத்தாரே, மேட்ச் அங்கேதான் போனது. நியாயமாகத் தோற்றோம் என்று ஏற்றுக்கொள்வது கஷ்டம்தான். ஆனால் அநியாயமாகத் தோற்றோம் என்று நம்பிக்கொண்டே இருந்தால் வருஷம் போனாலும் புண் ஆறாது. என் அண்ணன் இன்னும் அந்த ஃபிரேமை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறான்.

என் கதை சின்னது. அதே வருஷம், இரண்டு மாதம் கழித்து, மான்செஸ்டரில் நியூசிலாந்தோடு உலகக் கோப்பை செமிஃபைனல், ஜூலை 10. ஜடேஜா 77 அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஃபெர்குசன் ஓவரில் தோனி முதல் பந்து சிக்ஸ். மூன்றாவது பந்தில் இரண்டாவது ரன். கப்டில் நேராக ஸ்டம்பில் அடித்தார். கோட்டுக்கு ஒரு விரற்கடை பாக்கி. நான் மெஸ்ஸில் நின்று பார்த்தேன். பரிமாறிக்கொண்டிருந்தவர் சாம்பார் வாளியை அப்படியே தரையில் வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். பந்தியில் இருந்த ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. இந்திய அணிக்காக தோனி ஆடிய கடைசி பந்துகள் அவைதான் என்று அன்று யாருக்குத் தெரியும்?

வெள்ளவத்தை

நான் இலங்கை ரசிகன். தமிழனாக இருந்துகொண்டு ஏன் இலங்கைக்கு ஆதரவு என்று இங்கே யாரும் கேட்க வேண்டாம், அதற்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். முரளியின் பந்துவீச்சைப் பார்த்து வளர்ந்தவன், அவ்வளவுதான்.

2023 செப்டம்பர் 17, இந்தியாவோடு ஆசியக் கிண்ண இறுதிப்போட்டி, கொழும்பு பிரேமதாச மைதானம். மகனுக்கு அதுதான் முதல் தடவை. மழையால் கொஞ்சம் பிந்தித் தொடங்கினது. சிராஜின் ஒரே ஓவரில் நாலு விக்கெட். அப்புறம் 12 ஓட்டத்துக்கு 6 விக்கெட். மைதானத்தில் பபரே என்ற பாண்டு வாசிக்கும் வாத்தியக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். எங்கள் மைதானத்துக்கு வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், தோற்கிற நேரத்திலும் அந்த வாத்தியம் நிற்காது.

மகன் கையில் பெரிய கொடி. அதை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு கேட்டான், "அப்பா, இனி ஆர் வருவினம்?" நான் ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். சொல்லச் சொல்ல ஆட்களும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் சொல்வதற்குப் பெயர் இல்லை. 50 ஓட்டம். 15.2 ஓவர். இந்தியா 6.1 ஓவரில் அடித்துவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம்.

சிராஜ் தன் ஆட்டநாயகன் பரிசுப் பணத்தை மைதான ஊழியர்களுக்குக் கொடுத்தார். மழைக்கு நடுவே அந்தத் தொடர் முழுக்க விரிப்பை இழுத்து இழுத்து ஓடினவர்கள் அவர்கள். மகனுக்கு அதைச் சொன்னேன். "அப்ப அவர் நல்லவரோ?" என்றான். நல்லவர்தான் என்றேன். அந்தப் பதிலைச் சொல்ல எனக்குச் சரியான கஷ்டமாக இருந்தது.

வாலாஜா ரோடு அண்ணை, நீங்கள் கைதட்டினதைப் பற்றி எழுதினது எனக்கு நன்றாக விளங்குகிறது.

ரிட்டயர்ட் பி.டி. சார்

எல்லாவற்றையும் படித்தேன். 2003 உலகக் கோப்பை ஃபைனல் எனக்கு. ஜாகிர் முதல் ஓவரில் 15, பாண்டிங் 140, ஆஸ்திரேலியா 359. சச்சின் நாலு ரன்னில் போனதும் ஹாஸ்டல் டிவி ரூமில் பசங்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், ஒரே ஒரு பையன் மட்டும் சேவாக் 82 அடிக்கும் வரை நோட்டில் ரன் கணக்கு போட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகம் மறக்கவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே எழுதுபவர்களுக்குச் சில விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன். தோற்ற அன்று ராத்திரி ஹைலைட்ஸ் பார்க்காதீர்கள். மறுபடி பார்த்தால் முடிவு மாறாது, தூக்கம்தான் போகும். வாட்ஸ்அப் குரூப்பை மறுநாள் மதியம் வரை திறக்க வேண்டாம், எதிர் அணிக்காரன் அதற்காகவே காத்திருப்பான். சாப்பிடாமல் படுக்காதீர்கள், ஒரு தயிர் சாதமாவது உள்ளே போகட்டும். முடிந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நாலு சுற்று நடங்கள்.

பிரஷர், சர்க்கரை இருப்பவர்கள் மேட்ச் மும்முரத்தில் மாத்திரையை விடக் கூடாது. விளையாட்டாகச் சொல்லவில்லை. 2006 கால்பந்து உலகக் கோப்பையின்போது மியூனிக் பகுதியில் ஆய்வு செய்தார்கள். ஜெர்மனி ஆடிய நாள்களில் இதயக் கோளாறால் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் மற்ற நாள்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

பணம் கட்டி ஆடும் ஆப் பக்கம் போகவே போகாதீர்கள். அணி தோற்ற துக்கத்தோடு கடன் துக்கமும் சேர்ந்தால் தாங்காது. அப்புறம், ஆட்டக்காரர்களை சமூக வலைத்தளத்தில் திட்டுவது. 2020ல் சென்னை தோற்றதற்காக தோனியின் சின்ன மகளை மிரட்டி எழுதினார்கள். அது ரசிகன் செய்கிற வேலையா? வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தோற்ற அன்று அவர்கள் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ரிமோட்டை எறிந்தால் அவர்களும் எறிவார்கள். அடுத்த நாள் காலையில் ஒரு பந்தும் மட்டையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு தெருவில் இறங்குங்கள். அரை மணி நேரம் ஆடினால் நெஞ்சு லேசாகிவிடும், என் அனுபவத்தில் இதற்கு ஈடு இல்லை.

வியாசை

சார், உங்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் யாரும் மருந்து கேட்கவில்லையே. என்ன வலித்தது என்று கேட்டார்கள், அதை எழுதுகிறோம். உடனே நெஞ்சை லேசாக்கிக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் அவசரம் இல்லை. ஹைலைட்ஸ் பார்க்கக் கூடாது என்பதும் எனக்கு ஒத்துவராது. ஏன் என்று சொல்கிறேன்.

வியாசர்பாடி. 2014 கால்பந்து உலகக் கோப்பை செமிஃபைனல், பிரேசில்–ஜெர்மனி. எங்கள் ஏரியாவில் பிரேசில் என்றால் எவ்வளவு உயிர் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம நேரத்துக்கு ராத்திரி ஒன்றரைக்கு ஆரம்பம். தெருவில் வேட்டியைத் திரையாகக் கட்டி புரொஜெக்டர் போட்டிருந்தோம். 29 நிமிஷத்துக்குள் ஜெர்மனி ஐந்து கோல். அதில் நாலு, ஆறே நிமிஷத்தில். ரீப்ளே ஓடுகிறது என்று நினைத்தால் அது அடுத்த கோல்.

ஒரு பையன் போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். இருட்டு. எங்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்த அண்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தார். "போடுடா. ஜெயிச்சா மட்டும் பாப்பியா?" என்று ஒரே சத்தம். திரும்பப் போட்டோம். 7–0 வரை பார்த்தோம். 90வது நிமிஷம் ஆஸ்கர் ஒரு கோல் போட்டார். அந்த நேரத்தில் அந்த கோலை என்ன செய்வது? யாருக்கும் கத்த வாய் வரவில்லை. அண்ணன் மட்டும் "ஃபினிஷ் நல்லா இருக்குடா, பாத்தீங்களா" என்றார். விடிந்ததும் கிரவுண்டில் அதே கோலைத்தான் எங்களுக்கு டிரில் வைத்தார்.

லெக் கட்டர், மதுரை

எல்லாரும் ஆண்கள் மேட்ச்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் 2017 ஜூலை 23ஐ எழுதுகிறேன். லார்ட்ஸ், இங்கிலாந்தோடு பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல்.

229 இலக்கு. 191 ரன்னுக்கு 3 விக்கெட்தான். பூனம் ராவத் 86ல் ஆடிக்கொண்டிருக்கிறார். நானும் என் அத்தையும் பார்க்கிறோம். அத்தை காலேஜ் டீமுக்கு ஓப்பனிங் பவுலிங் போட்டவர், கல்யாணத்துக்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. பெண்கள் மேட்சை அவ்வளவு பேர் சேர்ந்து பார்ப்பதையே அவர் அன்றுதான் பார்த்தார், கீழ் வீட்டிலிருந்தெல்லாம் சத்தம் கேட்கிறது. அப்புறம் இங்கிலாந்து பவுலர் ஷ்ரப்சோல் வந்தார். 28 ரன்னுக்குள் நம் ஏழு விக்கெட்டும் போனது. 219 ஆல் அவுட். ஒன்பது ரன்.

என்னை இன்னும் அரிப்பது அந்த ஒன்பது ரன் இல்லை. ஆட்டம் முடிந்தபோது எட்டு பந்து மிச்சம் இருந்தது. அத்தை விரல் விட்டு எண்ணிக் காட்டினார். "ஒண்ணு ஒண்ணா எடுத்திருந்தாலே கிட்ட வந்திருக்கலாம்டி. ஏன்டி அவசரப்பட்டாளுக?" எண்ணி முடித்த விரல்களை மடக்கவே இல்லை, அப்படியே வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தார்.

2025 நவம்பரில் நம்ம பொண்ணுங்கள் தென்னாப்பிரிக்காவை ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். 2017ல் ஆடிய மிதாலி கையிலும் ஜூலன் கையிலும் கொடுத்து அழகு பார்த்தார்கள். அத்தைக்கு போன் போட்டேன், இரண்டு பேரும் அழுதோம். பேசி முடிக்கும்போது அத்தை கேட்டார்: "ஆனா அந்த எட்டு பந்து?"

நாலாவது ஸ்லிப், உங்களிடம் ஒரு கேள்வி. 2017ல் யாரும் நம்மை ஏமாற்றவில்லை, அம்பயர் தப்பு எதுவும் இல்லை, நியாயமாகத்தான் தோற்றோம். அதை அன்றைக்கே ஏற்றுக்கொண்டோம். அப்படியிருந்தும் ஆறவில்லையே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?